கிராணியார் மேசைக்கு ஒரு படம்

என் நாத்தனார் சந்திரமதியை நம்பி உலையை விட்டுப் போனால் சோறு குழைந்துவிடும். அடுப்பை மறந்து எங்கேயும் போய்விட மாட்டாள். உலைக்கு எதிரிலேயே நிற்பாள். கஞ்சி கொதித்து, மேலே ஏடு கட்டி, அந்த ஏடு சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "ஏடி, சோத்தப் பாக்கச் சொன்னேனே" என்று நான் கத்தினால், "பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன் அண்ணி" என்பாள். அதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும்.

மலாக்காவில், காஜா பெராங்கில் செட்டிமார் வீடுகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பலகை வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் நல்லையா தண்ணீர் மீட்டர் படிக்கிற வேலையில் இருந்தார். அவருடைய ஒரே தங்கை சந்திரமதி. ஜப்பான்காரன் காலத்தில் அவர்கள் இருந்த தோட்டத்தில் பெரியம்மை வந்தது. பெற்றவர்கள் இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டது. பத்து வயதுப் பெண் பிழைத்தாள், முகம் முழுக்கத் தழும்போடு. இடது கன்னத்தில் ரொம்ப ஆழம். "ஆத்தா முத்துப் போட்டுட்டுப் போயிருக்கா" என்று கோயிலில் அவளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதே ஆட்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் கோப்பியைக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆத்தா கொடுத்தது சாமிக்கு ஆகும், சம்பந்தத்துக்கு ஆகாது. இது என்ன நியாயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஜாலான் பெண்டஹாராவில் சேதுராமன் என்பவர் வைத்திருந்த ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. படத்தைத் திருத்துகிற வேலை. முன்பக்கம் சேதுராமன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடிப்பார். திரைக்குப் பின்னால், ஜன்னலோரம், சாய்வான மரச்சட்டத்தில் பதித்த பால் கண்ணாடி மேல் நெகட்டிவை வைத்துக்கொண்டு இவள் உட்கார்ந்திருப்பாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கறுப்பு வெளுப்பாகத் தெரியும், வெளுப்பு கறுப்பாகத் தெரியும். அதனால் முகத்தில் உள்ள குழியை மறைக்கப் பென்சிலால் நிரப்ப வேண்டும். மேடு பளபளத்தால் மெல்லிய கத்தியால் சுரண்ட வேண்டும். பென்சில் தப்பினால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துக்கொள்ளலாம். கத்தி பட்டால் பட்டதுதான்.

யாராவது செத்துப்போனால் வீட்டுக்காரர்கள் ஐசி என்கிற அடையாளக் கார்டைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடி வருவார்கள். பாதிப் பேருக்கு அதைத் தவிர வேறு படமே கிடையாது. கார்டைச் சர்க்காரிடம் திருப்பிக் கொடுப்பதற்குள் அதிலிருந்து பெரிய படம் எடுத்தாக வேண்டும். தபால் தலை அளவு முகத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே சட்டையும் கோட்டும் இவள்தான் வரைந்து கொடுப்பாள். ஆயுசில் கோட்டே போடாத எத்தனையோ பேர் செத்த பிறகு இவள் கையால் போட்டுக்கொண்டார்கள். ஊரில் உள்ளவர்களின் தழும்பையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தாளே தவிர, தன் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோவேன். பெரும்பாலும் அவள் இருட்டறையில் இருப்பாள். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயும் கொஞ்சம் மையும் வைத்து, பெரிதாக்குகிற கருவிக்குள் செருகியிருப்பாள். கீழே பலகையில் வட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் மெதுவாக அசைப்பாள். கை எங்கே போனதோ அங்கே தாளில் வெளுப்பு கூடும். பிறகு சிவப்பு விளக்கில் அந்தத் தாளைத் தட்டில் மூழ்கவைப்பாள். முதலில் ஒன்றும் இருக்காது. வெறும் வெள்ளைத் தாள் மருந்துத் தண்ணீருக்குள் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கிருந்தோ சாம்பல் நிறம் கிளம்பி வரும், தயங்கித் தயங்கி. என்னையும் அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

"இது என்னடி?"

"ஒன்னுமில்ல அண்ணி."

"ஒன்னுமில்லாததுக்கா தாள வீணாக்குற?"

"வெட்டிப்போட்ட தாளுதான்லா" என்று சிரிப்பாள். திட்டிக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் அடுத்த தாள் வரும்வரை வெளியே போக மனம் வராது.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் ஒரு கிராணியார் ஸ்டூடியோவுக்கு வந்தார். பெயர் கணேசமூர்த்தி, ரப்பர் வாங்கி விற்கிற கித்தா கம்பெனி ஆபீஸில் எழுத்து வேலை. நானும் சந்திரமதியும் திரைக்குப் பின்னால் இருந்தோம், அவர் சேதுராமனிடம் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. அவருடைய துரை கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாராம். துரையின் பெரிய மேசை இவருக்கு வந்துவிட்டதாம். மேசை மேல் கனமான கண்ணாடி. அதற்கடியில் துரை ராணி படமும் தன் நாயின் படமும் வைத்திருந்தாராம். இரண்டையும் எடுத்துக்கொண்டு போனதில் பலகையில் இரண்டு சதுரம் தனி நிறமாகத் தெரிகிறதாம். அதை மறைக்க மேசை அகலத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றார்.

"சாமி படம் வச்சிருங்களேன்" என்றார் சேதுராமன்.

"சாமி மேல முழங்கைய ஊனச் சொல்றீங்களா? நான் கோப்பியும் அங்கதான் வைப்பேன்."

"அப்ப நம்ம புது அரசாங்கத்துப் பெரியவங்க படம்?"

"அவங்க மேல மட்டும் ஊனலாமா?"

"உங்க அப்பா அம்மா?"

கிராணியார் அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு, "யாருமே இல்லாத படமா வேணும். எதுவுமே இல்லாத படமா. மேல கை வச்சா யாருக்கும் மரியாதைக் குறைச்சல் வரக் கூடாது. பாத்துக்கிட்டே இருந்தா மனசு அடங்கணும்" என்றார்.

சேதுராமன் அவரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் சந்திரமதியின் பென்சில் நெகட்டிவ் மேல் அப்படியே நின்றிருந்தது.

முதலில் எண்ணெய் வட்டங்களைப் பெரிதாக்கி, நான்கு தாளாக ஒட்டிக் கொடுத்தாள். நான்கு நாள் கழித்து ஒரு சீட்டோடு படம் திரும்பி வந்தது. 'படம் செய்பவருக்கு' என்று தொடங்கியிருந்தார். திரைக்குப் பின்னால் ஒரு பெண் வேலை செய்கிறாள் என்று சேதுராமன் யாரிடமும் சொல்வதில்லை. 'வட்டங்கள் அழகு. ஆனால் நான் கடிதம் எழுதும்போது அவை நகர்ந்துகொண்டே இருக்கின்றன' என்று எழுதியிருந்தார். அடுத்து கண்ணாடி மேல் உப்பைத் தூவி ஒன்று செய்தாள். 'இதில் ரொம்பத் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது' என்று அதுவும் திரும்பியது. "காசு குடுத்துட்டு வாங்கிட்டுப் போறதுக்கு என்னா கொறை அந்த ஆளுக்கு?" என்று நான் பொரிந்தேன். அவள் அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது படத்தைப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாப்பாட்டோடு இருட்டறைக்குள் போனேன். தரையில் நான்கு தாளையும் சேர்த்து விரித்திருந்தாள். சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிற ஏதோ ஒரு பெரிய வெளி. மெத்தென்ற மேடுகள். மேட்டுக்கு மேடு ஒரு பள்ளம், பள்ளத்தின் ஒரு ஓரத்தில் நிழல், மறு ஓரத்தில் மினுமினுப்பு. தண்ணீர் வற்றின பிறகு கிளேபாங் கடற்கரை மணல் இப்படித்தான் கிடக்கும். காலையில் பால்காரனோடு போட்ட சண்டை இன்னும் ஆறாமல் இருந்தது. அது எப்போது போனது என்று தெரியவில்லை. சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்தக் கடற்கரைடி இது?"

"என் கன்னம் அண்ணி."

மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துச் சேதுராமன் ஒரு படம் எடுத்திருந்தார். அந்த நெகட்டிவைக் கருவிக்குள் வைத்து, அதன் தலையைக் கூரைவரைக்கும் தூக்கிவிட்டிருக்கிறாள். முகம் அறையை விட்டு வெளியே போய், இடது கன்னம் மட்டும் தரை முழுக்கப் பரவியிருக்கிறது.

"உனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஒரு ஆம்பள கோப்பி வைக்கிற எடத்துல போயி உன் கன்னத்த வைப்பியா?"

"அது கன்னம்னு அவருக்குத் தெரியாதுல்ல."

"தெரிஞ்சா?"

அவள் ஈரத் தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் படம் திரும்பி வரவில்லை. சீட்டு மட்டும் வந்தது. 'இதில் தினமும் ஒரு புது இடம் கிடைக்கிறது. வலது மூலையில் இரண்டு பள்ளங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் போய்விட்டால் ஆபீஸ் சத்தமே எனக்குக் கேட்பதில்லை. இது எந்த ஊர் என்று சொல்ல முடியுமா?' சந்திரமதி அதன் பின்புறத்தில், 'இங்கேதான், மலாக்காவில்' என்று எழுதிச் சேதுராமனிடம் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு மாதம் இரண்டு சீட்டு, மூன்று சீட்டு. எல்லாவற்றையும் காலித் தாள் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருந்தாள். காலையில் தலை பின்னும்போது பாட்டு முணுமுணுப்பாள். சோறு இன்னும் அதிகமாகக் குழைந்தது. எனக்கென்ன தெரியாதா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். தரகர் கலியாணசுந்தரம் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கித்தா கம்பெனிக் கிராணி, பெயர் கணேசமூர்த்தி. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மலாக்கா டவுனில் கல்யாணமாகாத தமிழ்க் கிராணிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள், தரகர் எப்படியும் அவரிடம் வந்துதான் ஆக வேண்டும். தரகர் முன்னறையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சந்திரமதி சமையலறைக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருதான் அண்ணி. என் படத்த அப்படியே அனுப்பச் சொல்லுங்க. ஒன்னும் அழிக்காம."

அவள் எங்களிடம் எதையும் கேட்டவள் இல்லை. ஒரு ரிப்பன்கூடக் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மூனு தடவ அப்படியே அனுப்பிப் பாத்தாச்சு. மூனு தடவையும் ஒரே வாரத்துல திரும்பி வந்துச்சு. இந்தத் தடவ தழும்பு தெரியக் கூடாது. ஸ்டூடியோவுல இருட்டறையில வேல செய்றான்னும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். சந்திரமதி என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாள். ஊரில் எல்லாரிடமும் சண்டைக்குப் போகிற வாய் இது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணணும்னு சும்மாவா சொன்னாங்க? அழிச்சிரு சந்திரா. வீட்டுக்கு வந்து உன்னப் பாத்து ரெண்டு வார்த்த பேசினா அவரு மனசு மாறாது."

"அவருக்கு இந்தக் கன்னம் பிடிக்கும் அண்ணி" என்றாள், மெதுவாக.

"அது கன்னம்னு தெரியாம பிடிக்குது" என்றேன். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தப்பு என்னுடையது. வீட்டுக்காரர் மேல் பழி போட நான் இதைச் சொல்ல வரவில்லை.

இரண்டு நாள் அந்த நெகட்டிவோடு உட்கார்ந்தாள். பள்ளங்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக நிரப்பினாள். பென்சிலுக்கு அடங்காத மேடுகளைக் கத்தியால் சுரண்டினாள். எத்தனையோ பேருக்குச் செய்த அதே கை. கடைசியில் உரித்த முட்டை மாதிரி ஒரு முகம் வந்தது. அழகான முகம்தான். யாருடையது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. "முடிஞ்சிருச்சு அண்ணி" என்று எழுந்து கை கழுவினாள். வீடு வரும் வழியெல்லாம் நான்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணேசமூர்த்தியும் அவருடைய அக்கா பொன்னம்மாவும் வந்தார்கள். சந்திரமதி கோப்பித் தட்டோடு வந்து நின்றாள். பொன்னம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்துப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"படத்துல இருக்கிற பொண்ணக் கூப்பிடுங்க" என்றார்.

"இதுதாங்க பொண்ணு" என்றேன் நான்.

கிராணியார் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கினார். முகம் சிவந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு கிளம்பும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கூச்சம், அவ்வளவுதான். அடுத்த வாரம் தரகர் வந்து பொருத்தம் சரியில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்திரமதி அன்றைக்கும் சாப்பிட்டாள், மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள்.

இதைவிடக் கொடுமை, சீட்டு நிற்கவில்லை. 'படம் செய்பவருக்கு. இந்த வாரம் மனம் சரியில்லை. ஒரு வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து வந்தேன். உங்கள் படம்தான் துணை' என்று ஒன்று வந்தது. சந்திரமதி அதை என்னிடம் நீட்டினாள். படித்துவிட்டு நான் கத்திய கத்தில் முன்னால் இருந்த சேதுராமன் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். அவள் அந்தச் சீட்டைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பதிலும் எழுதவில்லை.

வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சேதுராமன் செங் கிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தார். முன்னால் யாரோ கதவைத் தள்ளி வந்து, "சார்" என்று கூப்பிட்டார்கள். குரல் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் போகலாம் என்று எழுவதற்குள் சந்திரமதி எழுந்து திரையை விலக்கினாள்.

குடையும் கையுமாக நின்ற கிராணியார் அவளைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார்.

"நீங்க இங்க எப்படி?"

"இங்கதான் வேல செய்றேன். ஆறு வருசமாச்சு."

அவர் நாளிதழில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசை மேல் வைத்துப் பிரித்தார். கிழிந்த தாள் துண்டுகள். ஆபீஸ் ஜன்னல் திறந்து கிடந்து, மழைத் தண்ணீர் கண்ணாடிக்கடியில் இறங்கியிருக்கிறது. படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கப் போய்ச் சுக்குநூறாகிவிட்டது.

"இந்தப் படம் செய்றவரப் பாக்கணும்."

"நான்தான்."

துண்டுகளின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், "இதே மாதிரி இன்னொன்னு வேணும். இது இல்லாம அந்த மேசையில உக்கார முடியல" என்றார்.

"முடியாது."

"நெகட்டிவ் தொலஞ்சிருச்சா?"

"இருக்கு. அதுல இது இல்ல. குழியெல்லாம் பென்சிலால ரொப்பி, மேடெல்லாம் கத்தியால சுரண்டியாச்சு. உங்க வீட்டுக்கு ஒரு படம் அனுப்பணும்னு சொன்னாங்க."

அவருக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை. முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பினாள், இடது கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுகிற மாதிரி.

அவர் பார்த்தார். முதலில் மரியாதைக்குப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவர் கண் ஓரிடத்தில் போய் நின்றது. அங்கிருந்து நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போனது, அதற்கடுத்த இடத்துக்குப் போனது. பழகின தெருவில் ஒருவர் நடந்துபோகிற மாதிரி நிதானமாக, வழி தெரிந்து. காதோரம் ஒட்டியிருக்கும் இரண்டு தழும்புகளுக்கு வந்ததும் அவர் உதடு அசைந்தது. துண்டுகளின் மேல் இருந்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கும்தான். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "சத்தியமா தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் சந்திரமதி. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அக்காவக் கூட்டிக்கிட்டு மறுபடியும் வீட்டுக்கு வரலாமா?"

"யோசிக்கணும். சொல்லி அனுப்புறேன்."

அவர் போன பிறகு என் வாய் துடித்தது. சரி என்று சொல்லிவிடு என்று சொல்லவா, தூக்கி எறி என்று சொல்லவா, எனக்கே தெரியவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடமும் நான் மூச்சு விடவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பதினொரு நாள் போயிற்று. பன்னிரண்டாம் நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு சீட்டை மடித்து என் கையில் கொடுத்து, கித்தா கம்பெனி ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள். வழியில் பிரித்துப் படித்தேன், படிக்காமல் இருக்க நான் என்ன சந்நியாசியா? அவள் கையெழுத்தில் இரண்டே வரி இருந்தது.

'ஞாயிற்றுக்கிழமை வரலாம். தரையைப் பார்க்கிறவராக இருந்தால் வர வேண்டாம்.'